ஒரு மிடறு

வட்டாரச் சிறை, பராகுவாய்
9 செப்டம்பர் 2018

அன்புத் தங்கை நெலிடாவுக்கு,

அண்ணன் டெர்லிஸ் எழுதுவது. கன்னி மாதா தயவில் நீ அங்கே சுகமாக இருப்பாய். என் சுகத்தைக் கேட்டால், காசநோய் மாத்திரை ஒழுங்காகக் கொடுக்கிறார்கள், இருமல் தணிந்துவிட்டது, எடைகூட ஏறியிருக்கிறது. என் மகள் யனினா மண்ணுக்குள் போய் மூன்று வாரம் ஆகிறது, எனக்கு எடை ஏறுகிறது! இந்த உடம்பைச் செருப்பால் அடித்தால் என்ன?

அடக்கத்துக்கு என்னை விடவில்லை. நீதிபதியின் அனுமதி மறுநாள் வந்தது. இரண்டு வருடமாக விசாரணையே இல்லாமல் உள்ளே வைத்திருப்பவர்கள் அதிலாவது அவசரம் காட்டுவார்களா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணி ருமில்டா வந்தாள். முற்றத்தில் பெஞ்சைத் துடைத்துவிட்டு, "உக்காரு ருமி" என்றேன்.

"உக்கார வரல. ஒண்ணு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். எம் புள்ளைய நீதான் கொன்ன. அன்னிக்கு நீ உறிஞ்சுற குழாய்ல அவ வாய வெச்சப்பவே நான் புடுங்கியிருக்கணும்."

அவ்வளவுதான். போய்விட்டாள். இன்றுவரை வரவில்லை.

அன்றைக்கு என்றால், மே மாதம் குழந்தையின் ஐந்தாவது பிறந்தநாள். பார்வையாளர் முற்றத்தில் நான் ஐஸ் தண்ணீரில் இலையை ஊறவைத்துத் தெரேரே குடித்துக்கொண்டிருந்தேன். ஊரே ஒரு குவளையைச் சுற்றி அனுப்பி ஒரே குழாயில் உறிஞ்சும், ஆனால் நான் என் கொம்புக் குவளையையும் குழாயையும் தனியாகத்தான் வைத்திருந்தேன். பக்கத்து அறையில் இரண்டு பேர் ரத்தமாகத் துப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் இருமல் இருந்தது. இந்தச் சிறைக்குள் இருமாதவன் யார்? குழந்தை விடவில்லை. "அப்பா, ஒரே ஒரு வாய்ப்பா. இன்னிக்கு என் பொறந்தநாள்ப்பா" என்றாள். கொடுத்தேன். ஐஸ் தண்ணீரில் பல் கூசி மூஞ்சியைச் சுளித்துச் சிரித்தாள். ஜூனில் எனக்கு நோய் என்று சொன்னார்கள். ஆகஸ்டில் அவளுக்கு மூளைவரை ஏறிவிட்டது என்றார்கள்.

எச்சில் டாக்டரம்மா என்று உன்னை எத்தனை கேலி செய்திருக்கிறேன்! இப்போது உன்னிடம்தான் வந்து நிற்கிறேன். எல்லைக்கு இரண்டு பக்கமும் எடுக்கிற சளியெல்லாம் உங்கள் ஆய்வுக்கூடத்துக்குத்தான் வருகிறதாம், இங்கே செவிலி சொன்னாள். என் சளியும் வந்திருக்கும். குழந்தையின் முதுகில் ஊசி போட்டு எடுத்த நீரும் வந்திருக்கும். பார்த்துச் சொல். அவளைக் கொன்றது என் கிருமிதானா?

கைபேசி பிடிபட்டால் இருட்டறை. புதன்கிழமை வரும் கன்னிகாஸ்திரீயிடம் கடிதம் கொடுக்கிறேன். நீயும் அவர் பேருக்கே அனுப்பு.

உன் அண்ணன்,
டெர்லிஸ்


காம்போ கிராந்தே, பிரேசில்
2 அக்டோபர் 2018

அன்புள்ள அண்ணாவுக்கு,

நெலிடா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதக் கை வரவில்லை. ஆனாலும் காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லை. நீ மாத்திரையை ஒருநாளும் விடாதே.

முதலில் இதைக் கேள். காசநோய் குழாயில் ஒட்டாது, குவளையில் ஒட்டாது. பராகுவாய்க்காரர்கள் நாம் எல்லோரும் பிறந்ததிலிருந்து குழாயைத்தான் திட்டுகிறோம். இது காற்றில் வருவது. இருமும்போது வெளியேறிக் காற்றில் மிதந்து, அதை மூச்சில் இழுப்பவரின் நெஞ்சுக்குள் இறங்குகிறது. நீ கொடுத்த அந்த ஒரு வாயால் யனிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அந்த நினைப்பை விட்டுவிடு. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

எங்கள் வேலை என்னவென்று கேட்டாயல்லவா? ஒவ்வொரு நோயாளியின் கிருமியையும் வளர்த்து, அதன் மரபணு வரிசையை முதலிலிருந்து கடைசிவரை படிக்கிறோம். அம்மாவிடமிருந்து பக்கத்து வீட்டுக்காரி சிபா ரொட்டிக்குச் செய்முறை எழுதிக்கொண்டு போவாளே, அதில் ஒரு பிழை விழும். அவளிடமிருந்து எழுதியவள் அந்தப் பிழையோடு இன்னொரு பிழை சேர்ப்பாள். எல்லாத் தாள்களையும் பக்கத்தில் வைத்தால் யார் யாரிடமிருந்து எழுதினார்கள் என்று தெரிந்துவிடும். கிருமியும் ஆள்விட்டு ஆள் போகும்போது எப்போதாவது ஓர் எழுத்து மாறும். அதை வைத்துக் குடும்ப மரம் வரைகிறோம்.

இந்தக் கிருமி வளரவே வாரக்கணக்காகும். "உன் கல்யாணத்தவிட மெதுவா நடக்குது பொண்ணே" என்று எங்கள் தலைவி என்னைச் சீண்டுவாள்.

எங்களுக்கு ஆட்களின் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். தேடிப் பார்ப்பது விதிக்குப் புறம்பு. பார்க்கிறேன் அண்ணா.

உன்
நெலிடா


வட்டாரச் சிறை
4 நவம்பர் 2018

அன்புள்ள நெலிடா,

நலம். நீ நலமா? கடவுள் உன்னைக் காக்கட்டும்.

என்னைத் தேற்றுவதாக நினைத்து எழுதியிருக்கிறாய். படித்து முடித்ததும் கக்கூஸில் போய் உட்கார்ந்துகொண்டேன். காற்றிலா வருகிறது? அப்படியென்றால் அது ஒரு வாயோடு போகவில்லையே, தங்கச்சி! வாராவாரம் அவளை மடியில் உட்கார வைத்துக் கதை சொன்னேனே! ஒரு பாவத்தைத்தான் சுமந்துகொண்டிருந்தேன். நீ ஒவ்வொரு ஞாயிறையும் எடுத்து என் தலையில் ஏற்றிவிட்டாய்.

இன்னொன்றும் தெரிந்தது. ருமிக்கும் நோயாம். குழந்தை போனபிறகு வீட்டில் எல்லோரையும் பரிசோதித்ததில் அவள் சளியிலும் கிருமி இருந்ததாம், மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்களாம். கன்னிகாஸ்திரீதான் சொன்னார். ஆக அவளுக்கும் நான்தான் கொடுத்திருக்கிறேன். நான் அவளுக்கு எழுதிய கடிதங்கள் உறை பிரியாமல் திரும்பி வருகின்றன.

மரவள்ளி மூட்டைக்கு அடியில் கஞ்சா இருப்பது தெரிந்துதான் லாரியை ஓட்டினேன். அதற்கு எத்தனை வருடம் போட்டாலும் இருந்துவிட்டுப் போகிறேன். இதற்கு யார் தண்டனை கொடுப்பார்கள்? சீக்கிரம் சொல்.

டெர்லிஸ்


காம்போ கிராந்தே
17 டிசம்பர் 2018

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். கிறிஸ்துமஸ் வாழ்த்துகள் என்று எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

உன் கிருமியின் வரிசை வந்துவிட்டது. அது உங்கள் சிறைக்குள்ளேயே வளர்ந்த வம்சம். இருபது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவனோடு உள்ளே வந்து, ஆள் மாற்றி ஆள் தொற்றி, வழியில் ஒரு மருந்துக்கு மசியாமலிருக்கவும் கற்றுக்கொண்டிருக்கிறது. அதனால்தான் உனக்கு மாத்திரை அதிகம். உன்னைவிட அது பழைய கைதி.

மற்றது இன்னும் வரவில்லை.

அண்ணி இன்னும் அதே தையற்கூடத்துக்குத்தான் போகிறாளா? அவளுக்கு இருமல் எப்போதிலிருந்து என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன். படிவத்தில் நிரப்ப வேண்டியிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நெலிடா


வட்டாரச் சிறை
13 ஜனவரி 2019

அன்புள்ள நெலிடா,

புது வருடமும் பிறந்துவிட்டது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. நீ சுகம்தானே?

நீ கேட்டதற்குப் பதில். தையற்கூடத்துக்குத்தான் போகிறாள், வேறெங்கே போவாள்? பள்ளிச் சீருடை தைக்கிற இடம். குளிர்காலத்தில் தெற்குக் காற்று அடித்தால் துணி பறக்கும், நெஞ்சில் சளி கட்டும் என்று அங்கே ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தி வைப்பார்கள். துணி வெட்டுகிற ஒருத்தி ஒரு வருடமாக இருமி, 2017 கிறிஸ்துமஸுக்கு முன்பே வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

ருமிக்கு இருமல் சென்ற வருடம் மார்ச்சில், புனித வாரத்திலேயே இருந்தது. கேட்டால், "ஐஸ் தண்ணிதான், வேறென்ன? உன்னப் பாக்க வர பஸ்ல காத்து வேற" என்பாள். என்னிடமிருந்து வந்துவிடுமோ என்று எப்படியெல்லாம் பயந்தாள் தெரியுமா? ஞாயிறு இங்கிருந்து போனதும் குழந்தையின் உடுப்பைக் கொதிதண்ணீரில் போடுவாள். குழந்தைக்கென்று தனிக் குவளை, தனிக் கரண்டி. வீட்டிலும் காற்று பட்டுவிடக் கூடாதென்று ஜன்னலைத் துணி அடைத்துச் சாத்துவாள். நான் உள்ளே வந்ததிலிருந்து இரண்டு பேரும் ஒரே கட்டிலில்தான். ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு தூங்குவார்கள். யனியே சொல்வாள்: "அம்மா என் கழுத்துல மூச்சு விடுறாப்பா, கூசுது."

இதெல்லாம் எந்தப் படிவத்துக்கு? குழந்தையின் சோதனை என்ன ஆயிற்று?

டெர்லிஸ்


வட்டாரச் சிறை
24 பிப்ரவரி 2019

நெலிடாவுக்கு,

நலமா? போன கடிதம் வந்ததா? ஐந்து புதன்கிழமை ஆயிற்று. கன்னிகாஸ்திரீ வெறும் கையை விரிக்கிறார். உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

டெர்லிஸ்


ஓர்கேத்தா, பராகுவாய்
1 மார்ச் 2019

நெலிடாவுக்கு,

அண்ணி ருமில்டா எழுதுகிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும். நான் எப்படி இருக்கிறேன் என்று எழுத ஒன்றுமில்லை.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். செத்த குழந்தை சம்மனசு, பெற்றவள் அழுதால் அதன் சிறகு நனைந்து மேலே போக முடியாமல் தவிக்கும். ஞானத்தாய் அவளுக்கு வெள்ளை உடுப்பு போட்டுவிட்டாள். கித்தார் வாசித்தார்கள். சுற்றி நின்று எல்லோரும், "அழாத ருமி, அழாத" என்று என் வாயைப் பொத்தினார்கள். நானும் அழவில்லை. இத்தனை மாதமும் அப்படியே ஓடிவிட்டது. அவள் மேலே போய்ச் சேர்ந்தாளா இல்லையா என்று யார் வந்து எனக்குச் சொல்வார்கள்?

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று உங்கள் இயந்திரம் சொல்லிவிடுமாமே, செவிலி சொன்னாள். எனக்கு ஒரு தாள் அனுப்பு. உன் அண்ணனிடமிருந்துதான் வந்தது என்று முத்திரை போட்டு அனுப்பு. எனக்குத் தெரியும் அது அவன்தான் என்று. பகலில் நன்றாகத் தெரிகிறது. படுத்தால் வேறொரு நினைப்பு வருகிறது. அதை நான் எழுத மாட்டேன்.

மாத்திரையை நிறுத்திவிட்டேன். மறைக்கவில்லை, செவிலியிடம் முகத்துக்கு நேரே சொன்னேன். அந்த வேறொரு நினைப்பு உண்மையாக இருந்தால் எனக்கு மாத்திரை எதற்கு? அவன்தான் என்றால் சாப்பிடுவேன். அவன் வெளியே வரும் நாளில் வாசலில் நின்று காறித் துப்பவாவது நான் இருக்க வேண்டும்.

உண்மையை எழுது. நீ பொய் சொல்லாதவள் என்று உன் அண்ணன் எப்போதும் பீற்றிக்கொள்வான்.

ருமில்டா


காம்போ கிராந்தே
20 மார்ச் 2019

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. நான் நலம். பதில் எழுதாததற்கு உடம்பு காரணமில்லை.

அண்ணி எனக்கு எழுதியிருக்கிறாள். மாத்திரையை விட்டுவிட்டாளாம். ஒரு தாள் கேட்கிறாள். அவள் கடிதத்தை அப்படியே பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், படி.

நீ கேட்டதற்கும் அவள் கேட்டதற்கும் என்னிடம் பதில் இருக்கிறது. ஜனவரியிலிருந்தே இருக்கிறது. இந்த மேஜையில் உட்கார்ந்து எத்தனையோ பேருடைய கிருமிக்கு அப்பன் யார், பாட்டன் யார் என்று கூசாமல் எழுதியவள் நான். மரத்தில் ஒரு புதுக் கிளை கிடைத்தால் காபி குடித்துக் கொண்டாடுவோம். இந்த ஒரு கிளையை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. தலைவியிடம் காய்ச்சல் என்று பொய் சொல்லி இரண்டு நாள் படுத்துக்கொண்டேன்.

நீ கேட்காமலிருந்தால் நன்றாக இருக்கும், அண்ணா. கேட்டால் சொல்லிவிடுவேன்.

நெலிடா


வட்டாரச் சிறை
7 ஏப்ரல் 2019

என் நெலிடாவுக்கு,

சுகம். நீ அழாதே, முதலில் முகத்தைக் கழுவிக்கொண்டு படி.

நான் கேட்கப் போவதில்லை. லாரிக்காரனுக்கு இது தெரியாதா? சோதனைச் சாவடியில் போலீஸ்காரன் எந்த மூட்டையைத் தொடாமல் தாண்டிப் போகிறானோ, அவன் கண் அதன் மேல்தான் இருக்கும். என் கிருமியைப் பற்றிப் பக்கம் நிறைய எழுதினாய். அதுதான் குழந்தைக்குப் போனது என்றால் அழுதுகொண்டாவது சொல்லியிருப்பாய். அது இல்லை, எவனோ தெருவில் போனவனுடையது என்றால் தந்தி அடித்திருப்பாய். நீ ருமியின் இருமலைக் கேட்டாய், தையற்கூடத்தைக் கேட்டாய். பிறகு வாயை மூடிக்கொண்டாய்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? புரிந்த அன்று பொழுது சாயும்வரை சந்தோஷமாக இருந்தேன். "நானில்லை, யனி, அப்பா இல்லை" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன். பக்கத்துக் கட்டில்காரன், "என்னடா, விடுதலையா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகுதான் ஜன்னலுக்குத் துணி அடைத்த அவள் கை நினைவுக்கு வந்தது. கொதிதண்ணீரில் உடுப்பைப் போட்ட கை. என்னைப் பார்த்து அத்தனை பயந்து பயந்து, கட்டிலில் குழந்தையைத் தன்னோடு சேர்த்துக்கொண்டாளே, பாவி!

நெலிடா, அவளிடம் இதைச் சொன்னால் அவள் இருக்க மாட்டாள். மாத்திரையைத் தொட மாட்டாள், அதற்கு முன்பே கிணற்றுக்குப் போவாள். எனக்கு அவளைத் தெரியும்.

ஆகவே இப்படிச் செய்கிறேன். நானே அவளுக்கு எழுதுகிறேன், கன்னிகாஸ்திரீ கையோடு கொண்டுபோய் வாசித்துக் காட்டட்டும். நெலிடா பார்த்துவிட்டாள், என் கிருமிதான், நான்தான் கொன்றேன், என்னைத் திட்டிக்கொண்டாவது மாத்திரை சாப்பிடு என்று. உன்னைப் பொய் எழுதச் சொல்லவில்லை. என் பொய்யை உடைக்காமலிரு, போதும். எனக்கென்ன, கொலைகாரன் பட்டம் பழகிவிட்டது. அவளுக்குப் புதிது, தாங்க மாட்டாள்.

உன் அண்ணன்,
டெர்லிஸ்


காம்போ கிராந்தே
29 ஏப்ரல் 2019

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலமே. நீங்கள் உடம்பு தேறி வர வேண்டுமென்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

அண்ணன் உங்களுக்கு எழுதியதன் பிரதி எனக்கும் வந்தது. அதில் சேர்க்க என்னிடம் எதுவும் இல்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் தனி ஆட்களுக்குத் தாள் கொடுப்பதில்லை, மன்னியுங்கள்.

சுகாதார நிலையத்திலிருந்து உங்கள் தையற்கூடத்துக்கு வந்து எல்லோரையும் பரிசோதிப்பார்கள், ஜன்னல்களைத் திறந்து வைக்கவும் சொல்வார்கள். இப்போது எல்லா ஊரிலும் செய்கிறார்கள். பயப்பட வேண்டாம்.

மாத்திரையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். செவிலி சொல்லும் மாதம்வரை ஒருநாள்கூட விடாதீர்கள், அண்ணி. எனக்காக.

அன்புடன்,
நெலிடா


வட்டாரச் சிறை
10 நவம்பர் 2019

அன்புத் தங்கை நெலிடாவுக்கு,

நீ நலமாக இருப்பாய். நானும் நலம், என் சளியில் இப்போது கிருமி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இத்தனை மாதம் நான் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. இரண்டு பேருக்கும் ஏன் என்று தெரியும், அதனால் கோபம் இல்லை.

இன்று ருமில்டா வந்தாள்.

முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. முடியை வெட்டியிருக்கிறாள். பெஞ்சைத் துடைக்கும்வரை பொறுத்திருந்து உட்கார்ந்தாள்.

"மாத்திர முடிஞ்சுது. சுத்தமாயிட்டேன்னு சொல்லிட்டாங்க" என்றாள்.

"நல்லது ருமி."

"உன்னத் திட்டித் திட்டியேதான் ஒவ்வொண்ணையும் முழுங்கினேன். கேட்டுக்க. காலையில எந்திரிச்சா ஜெபம் கெடையாது, உன் பேரச் சொல்லிச் சாபம். அப்புறம்தான் தண்ணி."

"பரவால்ல. வேல செஞ்சுதுல்ல" என்றேன். அவளுக்கு உதட்டோரம் சிரிப்பு வந்து, வந்த வழியே போய்விட்டது.

பக்கத்தில் யாரோ ஒருத்தனின் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடின. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அக்காவோட புவனோஸ் ஐரிஸ் போறேன். வீட்டு வேல இருக்காம். புதன்கெழம பஸ்ஸு."

"எப்ப வருவ?"

"வரதுக்கா போறேன்?" என்றாள். பிறகு என் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "போறதுக்கு முன்னாடி சொல்லணும்னு தோணுச்சு. நான் உன்ன மன்னிச்சிட்டேன் டெர்லிஸ். மனசாரத்தான். ஆனா உன்னோட குடும்பம் நடத்த என்னால ஆகாது. உன் மொகத்தப் பாத்தா அவ மொகம் வருது."

நான் என்ன சொல்லட்டும், நெலிடா? வாய்வரை வந்தது. சத்தியமாக வந்தது. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அந்தப் பேருந்தில் ஏற மாட்டாள் என்று தோன்றியது. எதிலும் ஏற மாட்டாள் என்றும் தோன்றியது. "நன்றி ருமி" என்றேன். சொல்லிவிட்டு அழுதுவிட்டேன், முற்றத்தில் அத்தனை பேர் முன்னால், மூக்கு ஒழுக ஒழுக.

அவள் எழுந்து நின்று என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில் அப்படிப் பிடித்துக்கொள்வாள். அவளும் அப்போதுதான் அழுதாள். முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "அழாத. அழாதன்னா. நீ வேணும்னா செஞ்ச? அவ மேல இருந்த ஆசையில செஞ்ச. தெரியாமத்தான செஞ்ச."

இதை அவளிடம் யாராவது சொல்ல வேண்டுமென்று இத்தனை மாதமாகத் துடித்துக்கொண்டிருந்தேன். என்னால் முடியாது, உன்னாலும் முடியாது. கடைசியில் அவள் வாயாலேயே அவள் காதில் விழுந்துவிட்டது. மணி அடிக்கும்வரை மறுபடி மறுபடி அதையே சொல்லிக்கொண்டிருந்தாள், நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரம் கிடைத்தால் எழுது.

உன் அண்ணன்,
டெர்லிஸ்